க்ளோ த வூஜோவா, க்ருவோ-லாரோஸா: பழைய சிவப்பு ஒயின் வாங்கப் போனபோது

இருபத்தைந்து வயது தாண்டிய பிரெஞ்சு சிவப்பு ஒயின் கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கையிலிருந்த காசுக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. ஒன்று, பர்கண்டி ஒயின் வட்டாரத்தின் க்ளோ த வூஜோ தோட்டம். மற்றது, போர்தோ வட்டாரத்தில் சான் ஜூலியன் ஊரின் ஷத்தோ (ஒயின் பண்ணை) க்ருவோ-லாரோஸ். கடைசியில் 1996ஆம் ஆண்டு க்ருவோ-லாரோஸ் ஒரு மரப்பெட்டி வாங்கினோம். பன்னிரண்டு புட்டி, சகலைக்கும் எனக்கும் ஆளுக்கு ஆறு.

மனசு முதலில் ஓடியது வூஜோவுக்குத்தான். சித்தோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பிறகு சுற்றிலும் கல்மதில் எழுப்பிய தோட்டம் அது. மதில் இன்றும் நிற்கிறது. உள்ளே சுமார் 50 ஹெக்டேர், அத்தனையும் கிராண்ட் க்ரூ, அதாவது பர்கண்டியின் மிக உயர்ந்த தரம். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் கையை விட்டுப் போய், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துண்டாடப்பட்டு, இன்று ஏறக்குறைய 80 பேர் கையில் இருக்கிறது. மேட்டுப் பக்கம் சுண்ணாம்புக்கல்மேல் மெல்லிய மண், தண்ணீர் நன்றாக வடியும். சாலையோரத் தாழ்வில் களிமண், மழை பெய்தால் ஈரம் தங்கிவிடும். லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர்! தோட்டத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது; செய்தவர் யார் என்று பார்க்க வேண்டும். கைதேர்ந்தவர் செய்தது என்றால் விலை எகிறிவிடுகிறது.

க்ருவோ-லாரோஸும் 19ஆம் நூற்றாண்டில் இரண்டாகப் பிரிந்ததுதான். ஆனால் 1930களில் கோர்தியே குடும்பத்திடம் மறுபடி ஒன்று சேர்ந்தது. சுமார் 80 ஹெக்டேர், ஒரே நிர்வாகம், போர்தோ ஒயின்களை ஐந்து படியாகப் பிரித்த 1855 தரவரிசையில் இரண்டாம் படி. ஒரு வருடத்து ஒயின் யார் கையில் வாங்கினாலும் பிறந்தபோது ஒன்றேதான்.

ருசியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வூஜோவின் பினோ நுவார் திராட்சை ஒயின் முற்றும்போது காய்ந்த ரோஜாவும் மழைக்குப் பிந்தைய காட்டு மண்ணும் மணக்கும். க்ருவோவில் கபர்னே சொவிஞோன் திராட்சை தூக்கல். இளசில் கடுக்காய் கடித்த மாதிரி துவர்க்கும், வயதானால் தேவதாரு, புகையிலை, பதனிட்ட தோல் என்று மணம் விரியும். மணத்தில் வூஜோ ஒரு படி மேல் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் நான் குடித்த முற்றிய வூஜோ நாலே நாலு புட்டிதான், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னை முடிவு எடுக்க வைத்தது வேறு: புட்டி இத்தனை வருடம் எங்கே படுத்துக் கிடந்தது என்ற கேள்வி. 12, 13 டிகிரி, இருட்டு, தக்கை காயாத அளவுக்கு ஈரப்பதம், ஆட்டம் அசைவு இல்லாத இடம். இதில் ஒரு கோடை தவறினாலும் போச்சு. நான் குடித்த அந்த நாலில் ஒன்று, 1990ஆம் ஆண்டு வூஜோ, அப்படித்தான் போனது. தக்கை பாதியில் முறிந்து, மீதி மாவாக உதிர்ந்தது. கிண்ணத்தில் விழுந்தது முற்றிய ஒயினுக்குரிய செங்கல் நிறம்கூட இல்லை, ஆறிப்போன டீயின் நிறம். வாயில் வெறும் புளிப்பு. விற்றவரிடம் அது இருந்த இடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த விஷயத்தில் போர்தோ புட்டி கொஞ்சம் பேசும். அதற்குக் கழுத்துக்குக் கீழே தோள் மாதிரி வளைவு உண்டு. ஒயின் கழுத்தடிவரை நின்றால் முப்பது வயதுக்கு நல்ல ஆரோக்கியம்; நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் நான் தொடமாட்டேன். பர்கண்டி புட்டி சரிந்து இறங்குவதால் தக்கைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்க வேண்டும். அதோடு பர்கண்டி இரண்டு மூன்று புட்டியாகக் கைமாறி வருவதுதான் வழக்கம். நாங்கள் வாங்கிய பெட்டியோ ஆணி பிடுங்காமல் ஒரே நிலவறையில் இருந்தது, ரசீதும் கூடவே வந்தது. ஒன்றைத் திறந்தால் மீதி பதினொன்றைப் பற்றியும் ஓரளவு தெரிந்துவிடும். நாளைக்கு விற்பதானாலும் மூடிய மரப்பெட்டிக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும்.

போலியும் ஒரு பயம். 2008இல் போன்சோ குடும்பத்தின் பெயரில் நியூயார்க் ஏலத்துக்கு வந்த 1945ஆம் ஆண்டு க்ளோ சான்-தெனி (பர்கண்டியின் இன்னொரு தோட்டம்) புட்டிகளை, அந்தக் குடும்பத்தின் லோரான் போன்சோ பர்கண்டியிலிருந்து நேரில் போய் நிறுத்தினார். அவர் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். அவற்றை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவான் 2013இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. விலை உயர்ந்த போர்தோவிலும் போலி உண்டு. க்ருவோ விலைக்கு அந்த ஆபத்து குறைவு என்பது என் கணிப்பு.

வூஜோ வேண்டும் என்பவர்கள் மதிலுக்குள்ளேயே ஒயின் செய்யும் ஷத்தோ த லா தூரில் இளசாக வாங்கி, தாங்களே முற்றவைப்பது நல்லது. அதற்குச் சொந்தமாகக் குளிர்ந்த இடம் வேண்டும். பாரிஸ் புறநகரில் எங்கள் கட்டடத்து நிலவறை வழியாக வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. ஆகஸ்டில் வெப்பமானி 21 காட்டியது. அன்றைக்கே ஆறு புட்டியையும் மேலே கொண்டுவந்து, குளிரூட்டும் ஒயின் அலமாரி வாங்கி அதில் படுக்கவைத்தேன்.

முதல் புட்டியை தீபாவளிக்குத் திறந்தோம். முதல்நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குக் கீழே டார்ச் பிடித்து, வண்டல் எட்டிப் பார்க்கும்வரை மெதுவாக ஊற்றினேன். துவர்ப்பு இன்னும் தெம்பாக இருக்கிறது. அடுத்ததை இரண்டு வருடம் தொடமாட்டேன்.