ஹெஸ்பா ஸ்ட்ரெட்டன் எந்த சாரா ஸ்மித்? புத்தகப் பட்டியலா, குடும்பப் பதிவேடா?

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் ஒன்றின் தலைப்புப் பக்கத்தில் ஆண் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெண். அவர் யார் வீட்டுப் பெண், எங்கே பிறந்தார் என்று தேட இரண்டு வழி உண்டு. ஒன்று புத்தகத்தின் பக்கமிருந்து போவது: புனைபெயர் அகராதிகள், நாவல் தரவுத்தளங்கள், பதிப்பகக் கணக்குகள். மற்றது குடும்பத்தின் பக்கமிருந்து வருவது: பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள், சென்சஸ், உயில். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். முதல் வழி இல்லாமல் தேடலைத் தொடங்கவே முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பெயரைத் தரும், ஆளைத் தராது.

முதல் வழியின் வசதி தெரிந்ததே. 1882-88இல் வந்த ஹால்கெட்-லேயிங் புனைபெயர் அகராதி முதல், 1837-1901 நாவல்களைத் தொகுத்திருக்கும் ‘அட் தி சர்க்குலேட்டிங் லைப்ரரி’ இணையத் தரவுத்தளம் வரை, புனைபெயரைத் தட்டினால் இயற்பெயர் வந்து விழும். பத்திரிகைக் கட்டுரைகளுக்கு 1824-1900 காலத்துக்கான வெல்லெஸ்லி இண்டெக்ஸ் இருக்கிறது. அது கவிதைகளைச் சேர்க்கவில்லை. கவிதை மட்டும் எழுதியவரை அதில் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: இந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. மூன்று இடத்தில் ஒரே இயற்பெயர் இருந்தால் மூன்று சாட்சி என்று எண்ணக்கூடாது, பெரும்பாலும் அது ஒரே சாட்சிதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். ‘ஜெசிக்காஸ் ஃபர்ஸ்ட் பிரேயர்’ என்ற கதையை எழுதிய ஹெஸ்பா ஸ்ட்ரெட்டனின் இயற்பெயர் சாரா ஸ்மித். எந்தப் பட்டியலும் இதை ஒரு நொடியில் சொல்லிவிடும். சொல்லி என்ன பயன்? நம்மூர் வாக்காளர் பட்டியலில் ‘லட்சுமி’யைத் தேடுவது மாதிரிதான், அன்றைய இங்கிலாந்தில் சாரா ஸ்மித்தைத் தேடுவது. இவரைப் பிரித்துக் காட்டுவது அவருடைய பெயர் அல்ல, அவரோடு பிறந்தவர்களின் பெயர்கள். ஹானா, எலிசபெத், சாரா, பெஞ்சமின், ஆனா என்று ஐந்து பேரின் முதலெழுத்துகளைக் கோத்தால் ‘ஹெஸ்பா’. ஷ்ரோப்ஷயரின் சர்ச் ஸ்ட்ரெட்டன் வட்டாரத்திலிருந்து எடுத்தது ‘ஸ்ட்ரெட்டன்’. புனைபெயருக்குள்ளேயே ஒரு வீடு இருக்கிறது.

அப்படியானால் சென்சஸில் தேட வேண்டியது ஒரு தனி ஆளை அல்ல, அந்த ஐந்து பெயர்களும் சேர்ந்து வரும் ஒரு வீட்டை. தந்தை பெஞ்சமின் ஸ்மித், அதே ஷ்ரோப்ஷயரின் வெலிங்டன் ஊரில் புத்தகக் கடை வைத்திருந்தவர். சாரா பிறந்தது 1832 ஜூலை 27. 1841 சென்சஸ் ஜூன் 6இல் எடுக்கப்பட்டது, ஆகவே அங்கே வயது 8 என்று இருக்க வேண்டும். 1851இல் அந்த நாள் மார்ச் 30, வயது 18. 1861இல் ஏப்ரல் 7, வயது 28. கணக்கெடுப்பு நாள் பிறந்த நாளுக்கு முந்தியதா பிந்தியதா என்று பார்க்காமல் வெறும் ஆண்டைக் கழித்தால், ஒரு வயது தவறி, சரியான ஆளையே ஒதுக்கிவிடுவோம்.

1841இல் இன்னும் இரண்டு பொறி உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 24 என்பது 20 ஆகிவிடும். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தியும் அதில் கிடையாது. மகளா, அண்ணன் மகளா, வேலைக்காரப் பெண்ணா என்பது 1851 சென்சஸோடு ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். தொழில் என்ற பத்தியை நம்பி எழுத்தாளரைத் தேடுவதும் வீண்வேலை. மனைவிக்கு நேரே அந்தக் கட்டம் காலியாகவே இருப்பது சகஜம். மணமாகாதவர்கள் பலர் சொந்த வருமானத்தில் வாழ்பவர் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

என்னைக் குடும்பப் பதிவேட்டின் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பிறப்புகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொகுத்த பழைய காலாண்டு அட்டவணைகளில் தாயின் குடும்பப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்தே வரும். அந்த அட்டவணைகளை நகலெடுத்த ஃப்ரீபிஎம்டி இணையதளத்திலும் அப்படியே. ஆனால் இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகமான ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸ் தன் இணையதளத்தில் புதிதாகத் தயாரித்து வைத்திருக்கும் அட்டவணை, தாயின் குடும்பப் பெயரை 1837இலிருந்தே தருகிறது. ஆட்டத்தையே மாற்றிய இடம் இது.

1837 ஜூலைக்குப் பின் பிறந்தவர்களுக்கான செய்முறை இப்படி. குழந்தையின் முதற்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரையும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் மட்டும் இடுங்கள். ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முன்பின் கொடுத்தால் ஒரு தேடலில் ஐந்து ஆண்டு அடங்கும். ஆண், பெண் இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரு தாய்க்கு இருபது ஆண்டுப் பிள்ளைப்பேற்றுக் காலம் என்று வைத்தால் நான்கு முறை ஆணுக்கு, நான்கு முறை பெண்ணுக்கு, ஆக எட்டுத் தேடல். அதற்குள் உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும், சென்சஸ்களுக்கு இடையே பிறந்து இறந்த குழந்தைகள் உட்பட, வரிசையாக வந்து நிற்பார்கள். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருந்தால், பெரும்பாலும் தாய் தந்தைக்கு மணமாகவில்லை என்று பொருள்.

காலாண்டில் கவனம் தேவை. அட்டவணை பதிவான நாளை வைத்தது, பிறந்த நாளை வைத்தது அல்ல. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்தது. ‘எட்னா லயல்’ என்ற பெயரில் எழுதிய ஏடா எல்லன் பெய்லி, பிரைட்டனில் 1857 மார்ச் 25 அன்று பிறந்தவர். இவரை மார்ச்சில் முடியும் காலாண்டில் காணோம் என்றால் கைவிடாமல் ஜூன் காலாண்டைப் பார்க்க வேண்டும். (இயற்பெயரின் எழுத்துகள் சிலவற்றைக் கலைத்து அடுக்கியே ‘எட்னா லயல்’ என்று வைத்துக்கொண்டார். புனைபெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்பதும் ஒரு நல்ல பழக்கம்.)

மணமான பெண் என்றால் முதலில் வாங்க வேண்டியது திருமணச் சான்றிதழ். மணமகளின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ‘ஜான் ஸ்ட்ரேஞ்ச் விண்டர்’ என்பவரை வாசகர்கள் குதிரைப்படை அதிகாரி என்றே நம்பினார்கள். உண்மையில் அவர் யார்க் நகரத்துப் பாதிரியார் வீட்டுப் பெண் ஹென்ரியட்டா பால்மர், 1884இல் ஆர்தர் ஸ்டானார்டை மணந்தவர். 1884க்கு முன் பால்மர், பின் ஸ்டானார்ட், புத்தகத்தில் விண்டர் என்று மூன்று பெயரையும் ஒரே தாளில் ஒட்ட வைத்துக்கொண்டே தேட வேண்டும். ‘ஈஸ்ட் லின்’ எழுதிய மிசஸ் ஹென்றி உட்டின் பிறந்தவீட்டுப் பெயர் எல்லன் பிரைஸ். திருமணம் 1836இல், அரசுப் பதிவு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. அங்கே சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால் பணம்தான் வீண். தேவாலயத் திருமணப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய பெண்ணின் பெயர்களோ எவான்ஸ், லூயிஸ், கிராஸ். சேர்ந்து வாழ்ந்த லூயிஸுடன் சட்டப்படி திருமணம் நடக்கவே இல்லை, அதைத் தேடினால் கிடைக்காது. 1880 டிசம்பரில் இறந்தபோது அவர் மேரி ஆன் கிராஸ்.

உயில் அட்டவணை 1858இலிருந்து ஆண்டுவாரியாக இருக்கிறது. இறந்த நாள், முகவரி, சொத்தை நிர்வகித்தவர் யார் என்பதெல்லாம் ஒரே பத்தியில் கிடைக்கும். மணமாகாதவருக்கு இது தங்கச் சுரங்கம். கணவர் உயிரோடிருந்த மனைவிக்கு 1883க்கு முன் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1882இல் நிறைவேறி மறு ஆண்டு நடப்புக்கு வரும்வரை, கணவர் சம்மதமின்றி அவர் பொதுவாக உயில் எழுத முடியாது.

பதிப்பகக் கணக்குகளை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்கும் சட்டம்தான் காரணம். மணமான பெண்களின் சொத்து பற்றிய முந்தைய 1870 சட்டம் வரும்வரை மனைவி எழுதிச் சம்பாதித்தது கணவனின் பணம். அந்தச் சட்டம் இலக்கியத் திறமையால் வரும் வருமானத்தையும் பெயர் சொல்லியே மனைவிக்கு உரியதாக்கியது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களில் கணவரின் கையெழுத்தே இருக்கலாம். பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் பென்ட்லி, மேக்மில்லன் பதிப்பகங்களின் தாள்களைப் புரட்டும்போது ஆண் பெயரைக் கண்டதும் கடந்து போய்விடக்கூடாது.

புத்தகப் பக்கத்தில் நான் மனதார மதிக்கும் ஒரே ஆவணம் ராயல் லிட்டரரி ஃபண்டின் உதவி விண்ணப்பங்கள். 1790இல் தொடங்கிய இந்த நிதியின் கோப்புகளும் பிரிட்டிஷ் லைப்ரரியில்தான் உள்ளன. வயது, முகவரி, குடும்ப நிலை, எழுதிய நூல்கள், கஷ்டத்துக்குக் காரணம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். புனைபெயரையும் ஆளையும் சேர்த்துக் கட்டும் தாள் அது. ஆனால் வறுமையில் வாடி, விண்ணப்பமும் செய்தவர்களுக்குத்தான் கோப்பு. வயதைச் சென்சஸோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

சென்னை மாகாணத்தில் பிறந்த ஆங்கிலப் பெண் என்றால் இங்கிலாந்து அட்டவணையில் தேடிப் பயனில்லை. இங்குள்ள தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் உள்ளன.

அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன வரிசையை இதே உறுதியோடு பரிந்துரைக்க மாட்டேன். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1851 வரையிலான சென்சஸில் பெரும்பகுதி போயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. கேரிக்ஃபெர்கஸில் 1832இல் பிறந்த சார்லட் கோவன், ரெய்னி ஹாத்தோர்ன், எஃப். ஜி. டிராஃபர்ட், மிசஸ் ஜே. எச். ரிடெல் என்று பெயர் மாற்றி மாற்றி எழுதியவர். அவருடைய சிறுவயது வீட்டைச் சென்சஸில் பிடிக்க வழியில்லை. அங்கே முதலில் புத்தகப் பட்டியலை வைத்துப் பெயர்களை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டு, ஜோசப் ஹாட்லி ரிடெலை அவர் மணந்த 1857ஆம் ஆண்டுத் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கி நடப்பேன்.