டப்பாவின் முன்பக்க எண்ணை நம்பி ஏழு மாதம் ஏமாந்தேன்

எலும்பு அடர்த்தி குறைவு, கால்சியம் எடுங்கள் என்று டாக்டர் சொன்னதும், சத்து மாத்திரை விற்கிற ஒரு ஆளிடம் போய் மாட்டிக்கொண்டேன். டப்பாவில் 1250 மி.கி. என்று கொட்டை எழுத்து. "காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போடுங்கள், அப்போதுதான் சத்து முழுசாகச் சேரும்" என்றார். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒமிப்ரசோல் சாப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். அதெல்லாம் ஒன்றும் பண்ணாது என்றுவிட்டார்.

அந்த 1250 என்பது கால்சியம் கார்பனேட் என்ற உப்பின் எடை. அதில் கால்சியம் 40 சதவீதம்தான், அதாவது 500 மி.கி. பின்பக்கம் பொடி எழுத்தில் அதுவும் இருக்கிறது, ஆக டப்பாவில் பொய் இல்லை, அவர் வாயில்தான். சரி, அந்த 500 மி.கி.யாவது ஒழுங்காகச் சேர்ந்ததா? கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பிடும்போது அது நன்றாகச் சுரக்கும் என்பதால்தான் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். நானோ அமிலத்தைக் குறைக்கும் அந்த ஒமிப்ரசோலையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் இதை விழுங்கிக்கொண்டிருந்தேன். மலச்சிக்கல் மட்டும் தவறாமல் வந்தது.

நடுவில் சந்தேகம் வந்து கடைக்காரரிடம் கேட்டபோது, ரத்தத்தில் கால்சியம் பாருங்கள் என்றார். பார்த்தேன், சரியாகவே இருந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன். ரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும், அதனால் மாத்திரை வேலை செய்கிறதா என்று அந்தச் சோதனை காட்டாது என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். இப்போது கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு உப்புக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதில் கால்சியம் 21 சதவீதம்தான், மாத்திரை எண்ணிக்கை கூடும், ஆனால் அமிலத்தை நம்பி இல்லை. (இதைப் படித்துவிட்டு ஒமிப்ரசோலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

மிச்சமிருந்த மாத்திரை ஒன்றை வினிகரில் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் உடைந்து கரைய வேண்டும் என்பார்கள். இது ஒரு மணி நேரம் கழித்தும் கூழாங்கல் மாதிரி கிடந்தது, விரலால் அழுத்தினால்கூட உடையவில்லை.

அப்புறம் இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்தே போடச் சொல்லியிருந்தார் அந்தக் கடைக்காரர், கால்சியம் கூட இருந்தால் இரும்பு சேர்வது குறையும் என்பதைக்கூட யோசிக்காமல்.

டப்பாக்களோடு திரும்பப் போய்க் கேட்டேன். பிரித்ததை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு இன்னொரு டப்பாவை நீட்டினார். அதில் 1500 என்று போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன், அதுவும் கார்பனேட்.