கோட்டாவா, பேர் மறைச்ச செலக்‌ஷனா?

சர்ஜரி கான்ஃபரன்ஸ் மேடைல பெண் சர்ஜன்கள் அதிகமா பேச ரெண்டு வழி சொல்றாங்க. ஒண்ணு, ஒவ்வொரு செஷன்லயும் இத்தன பெண் ஸ்பீக்கர் கட்டாயம்னு விதி போடறது. இன்னொண்ணு, பேச விரும்பறவங்க அனுப்பற அப்ஸ்ட்ராக்ட்ல (ஆய்வுச் சுருக்கத்துல) பேர், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் மறைச்சிட்டு மார்க் போட்டு எடுக்கறது.

ரெண்டாவது நியாயமா தெரியுது, ஜூனியர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனா அது ஃப்ரீ பேப்பரோட, அதாவது அப்படி அனுப்பி தேர்வாகிப் பேசற செஷனோட முடிஞ்சிடுது. கீநோட் (முக்கிய உரை), பேனல், லைவ் சர்ஜரி இதுக்கெல்லாம் யாரும் அப்ஸ்ட்ராக்ட் அனுப்பறதில்ல, கமிட்டி உக்காந்து தெரிஞ்சவங்களுக்கு போன் போடுது, அந்த லிஸ்ட்ல தான் பெண்கள் பேரே வராம போகுது, அங்க எந்த பேர மறைச்சு என்ன பிரயோஜனம்?

கோட்டா நேரா அங்கயே கை வைக்குது. அதுலயும் ஓட்டை இருக்கு, ஒரு பெண்ண, மத்தவங்கள பேச வைக்கற மாடரேட்டரா மட்டும் உக்கார வச்சிட்டு கணக்க முடிச்சிடுவாங்க, இல்லன்னா அதே ரெண்டு மூணு மேடம்களையே எல்லா மேடைக்கும் இழுப்பாங்க. அதனால மாடரேட்டர கணக்குல சேக்கவே கூடாது.

என் ஓட்டு கோட்டாவுக்கு தான், கூடவே கமிட்டிலயும் பெண்கள் இருக்கணும். மைக்ரோபயாலஜி மாநாடுகள வச்சு 2014ல வந்த ஆய்வுல, செஷன் நடத்தற குழுவுல ஒரு பெண்ணாவது இருந்த இடத்துல, ஆண்கள் மட்டுமே நடத்தினத விட பெண் ஸ்பீக்கர் விகிதம் 72% கூட இருந்துச்சு. 2019ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் டைரக்டரா இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ், எல்லாருக்கும் இடம் தராத மேடைன்னா பேச வரமாட்டேன்னு வெளிப்படையாவே சொன்னார். பெரிய சர்ஜன்களும் அழைப்பு வந்த உடனே "பேனல்ல வேற யார் யார் இருக்காங்க"ன்னு கேட்டா, ப்ரோக்ராம் அச்சாகறதுக்கு முன்னாடியே லிஸ்ட் மாறும்.