பாலியூரித்தேன் பசை: ஆறு வருடப் பயன்பாடும் என் கைகளும்

நாகர்கோவிலில் என் வீட்டு முற்றத்தில் ஓர் அயினி மர பெஞ்ச் கிடக்கிறது. மேலே கூரை கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். முதலில் அதைச் சாதாரண வெள்ளைப் பசை போட்டுத்தான் செய்தேன். இரண்டாவது வருட மழை முடிவதற்குள் காலும் சட்டமும் சேருகிற இடத்தில் இரண்டு மூட்டுகள் ஆட ஆரம்பித்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே பசை பாலாடை மாதிரி ஊறிப்போய் இருந்தது. அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, 2019 கடைசியில் பாலியூரித்தேன் பசை, அதாவது பி.யு. பசை போட்டு மறுபடி ஒட்டினேன். அந்த இரண்டு மூட்டும் இன்றுவரை அசையவில்லை. அப்போதிருந்து வெளியில் கிடக்கிற சாமான், குளியலறைக் கதவின் அடிச்சட்டம், கிணற்றடிப் பலகை என்று தண்ணீர் படுகிற எதற்கும் இதைத்தான் எடுக்கிறேன்.

வெள்ளைப் பசை காய்வதற்கு அதில் இருக்கிற தண்ணீர் வெளியேற வேண்டும். இது அப்படியே தலைகீழ். தண்ணீர் கிடைத்தால்தான் இறுகும். இதில் இருக்கிற ஐசோசயனேட் என்கிற பொருள் மரத்திலும் காற்றிலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வருவதால்தான் அந்த நுரை. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த வேதியியல் இது. நாம் படுக்கிற நுரை மெத்தையும் இதே குடும்பம்தான்.

நான் செய்கிற முறை இதுதான். மூட்டின் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் ஒரே ஒரு தடவை துடைப்பேன். மற்றப் பக்கத்தில் பசையை மெல்லிசாகத் தடவுவேன். சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவேன். ஐப்பசி மழையில் மரமே ஈரமாக இருக்கும்போது துணியால் துடைக்கிற வேலையும் வேண்டாம். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஆகவே ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துக்கொள்வேன். கிளாம்ப் இல்லாமல் மட்டும் இதைத் தொடாதீர்கள். நுரை விரியும்போது இரண்டு கட்டையையும் தள்ளிப் பிரித்துவிடும். ஒரு மேசை இழுப்பறையைச் சும்மா கயிறு கட்டி வைத்து, காலையில் பார்த்தால் மூலை விரிந்து நின்றது.

நுரை இடைவெளியை நிரப்புவதைப் பார்த்து, ‘தளர்ந்த மூட்டையும் பிடித்துவிடும்’ என்று நம்புகிறவர்கள் நிறைய. நானும் நம்பினேன். நிரம்புவது உண்மை, ஆனால் அந்த நுரைக்குப் பலமே கிடையாது. உளியால் குத்தினால் ரஸ்க் மாதிரி உதிரும். மரமும் மரமும் நெருக்கமாகத் தொட்டுக்கொண்டு, நடுவில் மெல்லிய பசை இருக்கிற இடத்தில்தான் பிடிப்பு இருக்கிறது. வெளியே பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போது துடைக்கப் போனால் மரம் முழுக்க அப்பிக்கொள்ளும், பிறகு பாலிஷ் ஏறாது. மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு உளியால் சீவி, உப்புத்தாள் போட்டால் சுத்தமாக வந்துவிடும். சீவும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டுகள் தெறிக்கும்.

இனி கை விஷயம். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எனக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் வாழ்நாள் முழுக்க வெறுங்கையால் பசை தடவியவர். வெள்ளைப் பசை விரலில் காய்ந்தால் சாயங்காலம் தோல் மாதிரி உரித்துப் போட்டுவிடுவார். அதையே பார்த்துப் பழகிய நான் பி.யு. பசையையும் விரலால்தான் தடவினேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, லேசாகப் பிசுபிசுப்பு மட்டும். மறுநாள் விரல் நுனியெல்லாம் பழுப்பு. மூன்றாம் நாள் கறுப்பு. சோப்பு, தின்னர், பெட்ரோல் எதற்கும் அசையவில்லை. பொறுமை போய் உப்புத்தாளால் தேய்த்தேன். தோல் கிழிந்ததே தவிர கறை போகவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் கையோடு சோறு பிசைந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த சித்தி, “மக்களே, கைக்கு என்ன?” என்று பதறிப்போய்க் கேட்டார். கறை போக இரண்டு வாரம் ஆனது, அதுவும் தோல் தானாக உதிர்ந்துதான்.

கறையோடு போயிருந்தால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். என்னோடு சேர்ந்து வேலை செய்த தம்பி ஒருவனுக்கு ஒரு வருடம் கழித்து விரல் இடுக்குகளில் சிவந்து, அரிப்பு வந்தது. பசை வேலை செய்த நாட்களில் மட்டும் வரும். தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்ன பசை என்பதுதான். ஒவ்வாமை என்று சொல்லி, அந்தப் பசையைத் தொடவே கூடாது என்றுவிட்டார். ஐசோசயனேட்டின் குணம் அப்படி. பல நாள் ஒன்றும் செய்யாது. உடம்பு ஒருமுறை அதற்கு எதிரியாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் கிளம்பும். சிலருக்குத் தோலோடு நிற்காமல் மூச்சிரைப்பாகவும் மாறும். தோலில் தொடர்ந்து படுவதே கூட அந்த ஆஸ்துமாவுக்கு வழிவகுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் (இதே ஐசோசயனேட் குடும்பம்தான்) உள்ள பொருளைத் தொழிலில் பயன்படுத்துகிறவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். நம் பட்டறைகளில் இதைச் சொல்லவே ஆளில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இப்போது என் பழக்கம் இது. நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை மட்டும்தான். மெல்லிய லேடெக்ஸ் கையுறையை இதற்கு நம்பக் கூடாது. துணிக் கையுறை இன்னும் மோசம், பசையை உறிஞ்சித் தோலோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் பத்து நிமிடத்தில் கையுறைக்குள் வியர்த்து ஊறும். அதனால் ஒட்ட வேண்டியதையெல்லாம் முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பார்த்து, கிளாம்ப்களைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியில்தான் கையுறை போடுகிறேன். வேலை முடிந்ததும் உட்புறம் வெளியே வருமாறு உருவிக் குப்பையில் போட்டுவிடுவேன். ஒரு ஜோடியை இரண்டாம் தடவை போடுவதில்லை. அதே கையுறையோடு போனை எடுக்காதீர்கள், கதவுப் பிடியைத் தொடாதீர்கள். டிரில்லோ ரம்பமோ ஓட்டுவதற்கு முன்னால் கட்டாயம் கழற்றிவிடுங்கள், சுற்றுகிற இயந்திரம் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். பசையைத் தடவப் பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்று போதும். மோதிரம், கடிகாரம் முன்னாலேயே கழற்றி வைத்துவிடுவேன். ஜன்னல் இரண்டும் திறந்திருக்கும்.

அப்படியும் கையில் பட்டுவிட்டால் உடனே குழாயடிக்கு ஓடாதீர்கள். காய்ந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். அப்புறம் சமையல் எண்ணெய் எதுவானாலும் தாராளமாக ஊற்றித் தேய்த்துத் துடையுங்கள். நான் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறேன். கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். பசை ஈரமாக இருக்கும்போது எண்ணெய் எடுக்கிற அளவுக்குச் சோப்பு எடுக்காது. அசிட்டோனும் தின்னரும் கருவியைத் துடைக்க மட்டும். கையில் போட்டால் தோலின் எண்ணெய்ப் பசையை வழித்துவிடும். காய்ந்துவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், தானாகப் போகும்.

பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பசையைவிட விலை பல மடங்கு. திறந்த பாட்டில் நம் ஈரக் காற்றில் சீக்கிரம் கெட்டியாகும். பெரிய பாட்டில் வாங்கி பாதியைக் கல்லாக்கித் தூக்கிப் போட்ட பிறகு, இருப்பதிலேயே சின்ன பாட்டிலைத்தான் வாங்குகிறேன். காற்றைப் பிதுக்கிவிட்டு மூடி, எட்டாத உயரத்தில் வைக்கிறேன். வீட்டில் நாய் இருந்தால் இது கட்டாயம். நாய் இந்தப் பசையை நக்கி விழுங்கினால் வயிற்று ஈரத்தில் அது விரிந்து இறுகிக் கட்டியாகிவிடும், அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் இருக்கிற அலமாரி, படச்சட்டம் இவற்றுக்கெல்லாம் நான் இன்னும் வெள்ளைப் பசைதான் போடுகிறேன். மழை படாத இடத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை, துடைப்பதும் எளிது. பெஞ்சில் அன்று பிரிக்காமல் விட்ட மற்ற இரண்டு கால்களும் இந்த ஆனியில் லேசாக ஆடின. போன வாரம் அவற்றையும் கழற்றி பி.யு. போட்டு இறுக்கினேன். தம்பி பக்கத்தில் நின்று கிளாம்ப் மட்டும் எடுத்துக் கொடுத்தான்.