தலைத் தீக்காயம்: தோல் ஒட்டா, ஃப்ளாப்பா, பலூனா?

தலையில் ஆழமாகத் தீக்காயம் பட்டால், எந்த அறுவை சிகிச்சை என்பதைக் காயத்தின் அகலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. மண்டை ஓட்டை ஒட்டி பெரிகிரேனியம் என்ற மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். கருகிய தோலைச் செதுக்கி எடுத்த பிறகு அந்தச் சவ்வு ஈரமாக இருந்து, லேசாகச் சுரண்டினால் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிய வேண்டும். வெளுத்து உலர்ந்த எலும்பு தெரிந்தால் கணக்கே வேறு.

சவ்வு உயிரோடு இருந்தால் தோல் ஒட்டு போதும். தொடையிலிருந்து சுமார் 0.3 முதல் 0.4 மி.மீ. கனத்தில் தோலைச் சீவி எடுத்து வைப்பார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் அடியில் ஊறும் நீரே அதற்கு ஊட்டம். பிறகுதான் ரத்தக்குழாய்கள் இணையும். அந்த நாட்களில் ரத்தம் கட்டிக்கொண்டாலோ, தலை தலையணையில் உராய்ந்து ஒட்டு நகர்ந்தாலோ பிடிக்காமல் போகும். அதனால்தான் பஞ்சுப் பொதியை மேலே வைத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். சிறிய அறுவை, வேகமான மூடல். ஆனால் முடி வளராது, வியர்வை இல்லாமல் வறளும், சிறு கீறலுக்கும் புண்ணாகும். பல ஆண்டுகள் கழித்து அதே தழும்பில் ஆறாத புண் வந்தால் களிம்பு போட்டுக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோயாக மாற வாய்ப்புண்டு, சதைப் பரிசோதனை உடனே வேண்டும்.

வெற்று எலும்பின் மேல் ஒட்டு பிடிக்காது. எலும்பின் வெளிப்பலகையை ரத்தம் துளிர்க்கும் வரை கடைந்து, இரண்டு மூன்று வாரத்தில் சிவந்த சதை படர்ந்ததும் ஒட்டு வைப்பது பழைய வழி. மாட்டுக் கொலாஜனாலான செயற்கைத் தோல் தளத்தைக் கடைந்த எலும்பின் மேல் பரப்பி, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து மேலுள்ள சிலிகான் படலத்தை உரித்து மெல்லிய ஒட்டு போடுவது இன்னொன்று. நீண்ட மயக்க மருந்தைத் தாங்காத முதியவருக்கு இவை இரண்டும் உதவும். தளத்துக்கு அடியில் சீழ் பிடித்தால் மட்டும் மொத்தமும் வீண்.

சிறிய காயமென்றால் பக்கத்துத் தலைத்தோலையே ஃப்ளாப்பாக, அதாவது தன் ரத்த ஓட்டத்தோடு பெயர்த்த தோல் மடலாக, சுழற்றி மூடலாம். முடியோடு வருவது இதன் பெரிய லாபம். தலைத்தோல் இழுத்தால் வராது, கேலியா என்ற தடித்த உறை பிடித்து வைக்கும். ஆகவே உள்பக்கத்தில் 1 செ.மீ. இடைவெளியில் கோடு கோடாகக் கீறுவார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கிடைப்பது ஒன்றிரண்டு மி.மீ. மட்டுமே. ரத்தக்குழாய்கள் கேலியாவுக்குச் சற்று மேலேதான் ஓடுகின்றன. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் ஃப்ளாப்பின் நுனி கறுத்துவிடும்.

மின்சாரக் காயத்தில் எலும்பே செத்திருந்து பரப்பும் பெரிதாக இருந்தால், முதுகின் லாடிசிமஸ் தசையை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் இணைக்கும் ஃப்ரீ ஃப்ளாப்பே நம்பகமானது என்பது எங்கள் கருத்து. எலும்பில் சீழ் இல்லையென்றால் அதை வெட்டி எறியாமல், நல்ல ரத்த ஓட்டமுள்ள தசையால் சீக்கிரமே மூடிவிடலாம். பொட்டுக் குழாயும் கருகியிருந்தால் கழுத்துக் குழாயைத் தேட வேண்டும், அதற்குச் சிரை ஒட்டும் (இடைவெளியை இணைக்க வேறிடத்திலிருந்து எடுக்கும் சிரைத் துண்டு) தேவைப்படலாம். முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கொரு முறை ஃப்ளாப்பைப் பார்க்க வேண்டும்: நீலம் பாரித்தால் சிரை அடைப்பு, வெளிறினால் தமனி அடைப்பு. இரண்டுக்கும் உடனே தியேட்டருக்குத் திரும்ப வேண்டும்.

இதுவரை சொன்னது காயத்தை மூட. முடி திரும்புமா என்பது தனிக் கேள்வி. முதல் நாளே இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தழும்பு முதிர்ந்த பிறகு, நல்ல தலைத்தோலின் கேலியாவுக்கு அடியில் சிலிகான் பலூன் வைத்து அந்தத் தோலை மெல்ல விரிக்கலாம்; விரிந்த தோலால் தழும்பிருந்த இடத்தை மூடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, தையல் ஆறியதும், வாரம் ஒருமுறை மெல்லிய ஊசியால் உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் பளபளத்து வெளிறி, அழுத்திவிட்ட இடத்தில் நிறம் திரும்பாவிட்டாலோ வலி தாங்காவிட்டாலோ கொஞ்சம் நீரைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். விட்டால் தோல் கிழிந்து பலூன் எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று மாதம் வீங்கிய தலையோடு நடமாடுவது லேசான காரியமல்ல, பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். பலனோ பெரிது: தலைத்தோலில் பாதி வரை போயிருந்தாலும் ஈடுகட்டலாம். புது முடி முளைப்பதில்லை, இருப்பது பரவுகிறது. ஆனாலும் மெலிந்தது கண்ணுக்குத் தெரியாது.

பாதிக்கு மேல் போனவருக்குப் பலூன் வைக்கப் போதிய நல்ல தோல் இருக்காது. முடி நடவு அந்த அளவுக்குப் பதிலாகாது. அது புருவம், முன்னெற்றி ஓரம், சிறு வழுக்கைத் திட்டு போன்றவற்றுக்கே பொருந்தும். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவென்பதால் நெருக்கமாக நடக் கூடாது. ஒரு சிறு இடத்தில் நட்டு, சில மாதம் பொறுத்து, முளைத்ததைப் பார்த்த பிறகே மீதியைத் தொட வேண்டும்.