ஐந்து சென்டிமீட்டர் வீரனுக்கு உருமறைப்புச் சீருடை: ஏழாண்டு அனுபவம்

என் அலமாரியில் நான் வண்ணம் தீட்டிய இரண்டு மாதிரி வீரர்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவரும் 1/35 அளவு, அதாவது நிஜ உருவத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. 175 செ.மீ. உயரமுள்ள ஆள் இந்த அளவில் 5 செ.மீ. இருப்பான். இருவர் உடலிலும் அமெரிக்க ராணுவம் 1981இல் கொண்டுவந்த, பச்சை, பழுப்பு, மணல், கறுப்புத் திட்டுகள் கொண்ட உட்லேண்ட் சீருடை. ஒருவன் நான் தீட்டிய முதல் உருமறைப்பு உடைக்காரன். மற்றவனைப் போன மாதம்தான் முடித்தேன். பயன்படுத்திய வண்ணங்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆனாலும் முதலாமவன் மேல் வண்ணத் திட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டாமவன் துணி உடுத்தியிருக்கிறான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்களைத் தீட்டியிருக்கிறேன். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பெரிய திருப்பம் வண்ணக் குப்பியிலிருந்து வரவில்லை. யாரோ அணிந்து கழித்த ஓர் உட்லேண்ட் மேல்சட்டையிலிருந்து வந்தது. அதை மேஜையில் விரித்து ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் முதலில் வடிவத்தை அச்சடிக்கிறார்கள், பிறகுதான் வெட்டித் தைக்கிறார்கள். அதனால் சட்டைப் பையின் மூடியில் இருந்த பழுப்புத் திட்டு மூடியின் விளிம்போடு முடிந்துவிட்டது. அதற்கு நேர் கீழே பையில் வெறும் பச்சை. தோள் தையலை நோக்கி வந்த கறுப்புக் கிளை தையலில் அறுந்து நின்றது. கைப்பகுதியில் அதன் தொடர்ச்சியே இல்லை. நானோ அதுவரை உடம்பு முழுவதையும் ஒரே பரப்பாக எண்ணி, தையல், மூடி எல்லாவற்றின் மேலும் திட்டுகளை ஓட விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு துணித்துண்டையும் தனியாகவே தீட்டுகிறேன். பை மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1/35 அளவில் அது அரிசி மணியை விடச் சிறியது. அதில் ஒரே ஒரு பழுப்புத் திட்டு, அதுவும் கீழ் விளிம்பில் இடித்து நிற்கும்படி. மூடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அடர்பழுப்பில் ஒரு மெல்லிய கோடு. அதற்குக் கீழே பையில் பச்சையும் மணல் நிறமும். உருவம் முழுவதும் இப்படி நான்கைந்து இடங்களில் வடிவத்தை அறுத்துவிட்டால் போதும், கண் அதைத் தைத்த துணியாக ஏற்றுக்கொள்கிறது. இந்த ஏழு ஆண்டுகளில் கற்றதில் ஒன்றை மட்டும்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கணக்கு. 7 செ.மீ. அகலத் திட்டு 1/35 அளவில் 2 மி.மீ.; 1 செ.மீ. புள்ளி 0.3 மி.மீ.க்கும் குறைவு. சட்டையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் நகலெடுக்கப் பார்த்தால் கடைசியில் மிஞ்சுவது சாம்பல் நிறக் குழம்பு. இன்னொரு கணக்கும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் உதவியது. 1/35 உருவத்தை 40 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ மனிதனை 14 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். 1/72 என்றால் ஏறத்தாழ 29 மீட்டர். அந்தத் தொலைவில் நிற்பவரின் சட்டையில் எதெல்லாம் தெரியும்? பெரிய திட்டுகள் தெரியும், அடர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு ஓரளவு தெரியும். பொடிப்புள்ளிகள் தெரியாது. கறுப்பு கறுப்பாகவே இராது. காற்றும் வெளிச்சமும் அதைத் தணித்துவிடும். ஆகவே உட்லேண்டின் கறுப்புக்கு நான் தூய கறுப்பைத் தொடுவதில்லை. கறுப்போடு அடர்பழுப்பும் சிறிது சாம்பலும் சேர்க்கிறேன். பலமுறை துவைத்த சீருடை என்றால் சாம்பலைக் கூட்டுகிறேன்.

நிழலை முதலில் போடுவதா, வடிவத்தை முதலில் போடுவதா என்பதில் நான் கட்சி மாறியவன். முதல் மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு நிறத்துக்கும் நிழல், நடுநிறம், ஒளி என்று மூன்று படிகள் கலந்தேன். உட்லேண்டில் நான்கு நிறங்கள். ஆகப் பன்னிரண்டு கலவைகள். ஒரு கால்சட்டைக்கே இரண்டு இரவுகள் போயின. விளைவு அழகாகத்தான் இருந்தது, ஆனால் நிறத்துக்கு நிறம் நிழலின் ஆழம் மாறி, ஒரே மடிப்பு துண்டு துண்டாகத் தெரிந்தது. இப்போது நான்கு நிறங்களையும் நடுநிறத்திலேயே தீட்டி முடித்து நன்றாகக் காயவிடுகிறேன். பிறகு அடர்பழுப்பும் அடர்பச்சையும் கலந்து, ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டுப் பத்துப் பங்கு நீர் விட்டு, மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் மூன்று முறை ஓட்டுகிறேன். தூரிகையைக் காகிதத்தில் ஒற்றிவிட்டுத்தான் உருவத்தைத் தொட வேண்டும், இல்லையென்றால் நீர் தேங்கிக் கறை வளையம் விழும். இழுக்கும் திசையும் முக்கியம்: தூரிகையை எங்கே எடுக்கிறோமோ அங்கேதான் வண்ணம் சேரும், எனவே எப்போதும் நிழலை நோக்கி இழுக்க வேண்டும். கடைசியாகத் தோள், முழங்கால், மடிப்பின் முகடு ஆகிய இடங்களில் அந்தந்த நிறத்தோடு சிறிது மணல் நிறம் கலந்து ஒளி கொடுக்கிறேன். வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடுகிறது.

வண்ணத்தில் பெரும்பாலும் ஸ்பெயினின் வல்லெஹோ மாடல் கலர் வரிசையிலேயே நின்றுவிட்டேன். ஈரத் தட்டில் அது நன்றாகக் கரைகிறது, காய்ந்ததும் பளபளப்பு குறைவு. குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரத் தட்டு என்பது மூடியுள்ள பெட்டியில் நனைத்த பஞ்சு, அதன் மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள். உருமறைப்புக்கு இது இன்றியமையாதது. ஏனென்றால் நேற்றுக் கலந்த பச்சை இன்றும் அதே பச்சையாக வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றாவிட்டால் வாடை வந்துவிடும்.

தூரிகையில்தான் என் கருத்து முற்றிலும் மாறியது. தொடக்கத்தில் 000, 00000 என்று மயிரிழைத் தூரிகைகளாக வாங்கிக் குவித்தேன். அவற்றின் நுனியில் வண்ணம் நிற்பதே இல்லை, உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடுகிறது. இப்போது எல்லாவற்றுக்கும் விலங்கு முடியாலான 1 எண் கொலின்ஸ்கி சேபிள் தூரிகை. வயிற்றில் ஈரம் தாங்குகிறது, நுனி ஊசியாக நிற்கிறது. நான் பயன்படுத்துவது வின்சர் அண்ட் நியூட்டனின் சீரீஸ் 7. அந்த 7 தூரிகையின் அளவன்று. 1866இல் விக்டோரியா அரசிக்காக இந்த வரிசை உருவானபோது அவருக்குப் பிடித்த அளவு 7, பெயர் அதிலிருந்து வந்தது. உலோக வளையம்வரை வண்ணம் ஏறவிடாமல், ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி நுனியைக் கூராக்கி வைத்ததால் ஒரே தூரிகை இரண்டரை ஆண்டு உழைத்தது. செயற்கை இழைத் தூரிகைகளின் நுனி இரண்டு மாதத்தில் கொக்கிபோல வளைந்துவிடுகிறது. அவற்றை வண்ணம் கலக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

பளபளப்பை அடக்கும் கடைசிப் பூச்சான மேட் வார்னிஷில் ஒருமுறை நெஞ்சே உடைந்தது. நான்கு வார வேலை. மழை நாளில் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடித்தேன். அரை மணி நேரத்தில் உருவம் முழுவதும் பனி படிந்ததுபோல வெளுத்துவிட்டது. காற்றில் ஈரம் மிகுந்திருந்ததுதான் காரணம். மறுநாள் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசியபோது வெண்மை பெருமளவு மறைந்தது, அதன் மேல் மறுபடி மேட் பூசினேன். முழங்கை மடிப்பில் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதன் பிறகு ஸ்ப்ரேயைத் தொடவில்லை. காற்றழுத்தத்தில் மெல்லத் தூவும் ஏர்பிரஷ் வழியாகவே மேட் வார்னிஷ் இடுகிறேன். பளபளப்பு மட்டும் மிஞ்சிவிட்டால் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் பிளாஸ்டிக் பொம்மைதான்.

வடிவம் அச்சடித்து, நனைத்து ஒட்டும் ஆயத்த டெகால் தாள்களையும் ஓராண்டு முயன்றேன். வழவழப்பான பரப்பில் சரி. மடிப்புள்ள கால்சட்டையில் சுருங்குகிறது, கிழிகிறது. விட்டுவிட்டேன்.

வடிவங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் உட்லேண்டும் பிரிட்டிஷ் டெனிசன் மேலங்கியும். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினர் அணிந்த அந்த மேலங்கிக்கு, தொடக்கத்தில் துணியிலேயே அகலத் தூரிகையால் கைவண்ணம் தீட்டினார்கள். தூரிகை இழுப்பு தெரிவதே அதன் இயல்பு. அதைத் தூரிகையால் தீட்டுவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஜெர்மானிய ஸ்ப்ளிட்டர்முஸ்டர் 31 நேரெதிர்: கூர்மையான பலகோணங்கள், அவற்றின் மேல் மழைச்சாரல்போலப் பச்சைக் கோடுகள். அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் மெல்லியதாகப் போட யாராலும் இயலாது. தடிமனாகவே போட்டு, இருபுறமும் அடியில் உள்ள நிறத்தால் வெட்டி மெலியவைக்க வேண்டும். முதுகில் பத்து, கைகளில் நான்கைந்து போதும். ஜெர்மனியின் ஃப்ளெக்டார்னில் ஐந்து நிறங்கள். முதலில் ஒழுங்கற்ற கொத்துகளைத் தீட்டி, அவற்றின் ஓரத்தில் மட்டும் சில தனிப்புள்ளிகள் வைத்தால் முழு உடையும் புள்ளிமயமாகத் தெரியும்.

2004இல் வந்த அமெரிக்க ராணுவத்தின் யூசிபி என்ற சாம்பல் உருமறைப்பு வடிவத்தை இரண்டு முறை தீட்டினேன், மூன்றாவது முறை தீட்டமாட்டேன். மூன்று நிறங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. கை தொலைவில் எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிடுகிறது. நிஜச் சீருடை மீதும் இதே குறையைத்தான் சொன்னார்கள் என்பதால் மாதிரியில் அது உண்மைக்குப் பொருந்துகிறது, ஆனால் பார்க்க எதுவும் இல்லை.

மல்டிகேம் என்ற உருமறைப்பு இன்னும் முழுதாக என் கைக்குப் பிடிபடவில்லை. நிறம் நிறத்துக்குள் கரைந்து போகும் வடிவம் அது. வெட்டி வைத்தாற்போல ஓரம் தெரிந்தால் கெட்டது. மூன்று உருவங்களில் ஒன்றுதான் மனநிறைவு தந்தது. அதில் மணல் நிறத்திலிருந்து பச்சைக்கு ஐந்து மெல்லிய கிளேஸ்களில் (நீர்த்த வண்ணப் பூச்சுகளில்) நகர்ந்து, பிறகு அடர்பழுப்புச் சிறு கிளைகளையும் வெளிர் நிறக் கீற்றுகளையும் மிகக் குறைவாக இட்டேன். நான்காவது உருவத்துக்கு நேற்று ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். இம்முறை பச்சையை ஏர்பிரஷில் தூவிவிட்டு, கிளைகளை மட்டும் தூரிகையால் போட்டுப் பார்க்கப் போகிறேன்.