ஒரே கதை, பல வீடுகள்: ‘பேரன்ட் ட்ராப்’ படங்களும் ‘குழந்தையும் தெய்வமும்’ படமும்

பிரிந்துபோன கணவனும் மனைவியும் தங்கள் இரட்டைப் பெண்களில் ஆளுக்கொருத்தியை எடுத்துக்கொண்டு, கூடப்பிறந்தவள் ஒருத்தி இருப்பதையே சொல்லாமல் வளர்க்கிறார்கள். கோடை முகாம் ஒன்றில் தற்செயலாகச் சந்திக்கும் சிறுமிகள் உண்மையைக் கண்டுகொண்டு, இடம் மாறி வீடு திரும்பி, பெற்றோரை ஒன்றுசேர்க்கத் திட்டமிடுகிறார்கள். ஜெர்மானிய எழுத்தாளர் எரிஹ் கெஸ்ட்னர் 1949-இல் நாவலாக வெளியிட்ட இந்தக் கதை, மறு ஆண்டே ஜெர்மனியிலும், 1961-இலும் 1998-இலும் ‘பேரன்ட் ட்ராப்’ என்ற பெயரில் அமெரிக்காவிலும், 1965-இல் ‘குழந்தையும் தெய்வமும்’ என்று தமிழிலும் படமானது. இவற்றில் எது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஒரே நடிகையை இருவராகக் காட்டிய ஒளிப்பதிவுத் திறமையைப் பற்றியே பெரும்பாலோர் பேசுகிறார்கள். என் அளவுகோல் வேறு. இந்தக் கதையின் நடுவில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட ஓர் அநீதி இருக்கிறது. சிரிக்கவைக்கும் வேகத்தில் அதை மறந்துவிடாத படம் எது என்பதே நான் பார்க்க விரும்புவது.

அந்த அநீதியை கெஸ்ட்னர் ஒரு பக்கத்திலும் மறக்கவில்லை. விவாகரத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதலாமா என்று கேட்கக்கூடியவர்களுக்கு அவர் நாவலின் இடையிலேயே நின்று பதில் சொல்கிறார்: பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள், பிரியாததால் துன்பப்படும் குழந்தைகளும் இருக்கிறார்கள், இதை அனுபவிக்கும் அவர்களிடமே இதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எந்த நியாயம் என்பதே அவருடைய வாதம். வியன்னாவில் இசை நடத்துநரான தந்தையிடம் வளரும் லூயிசும், மியூனிக்கில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் தாயிடம் வளரும் லோட்டேயும் இடம் மாறிய பிறகு, சமைக்கவே தெரியாத லூயிஸ் அம்மாவின் அடுப்படியில் திணறுகிறாள். வியன்னாவில் லோட்டே, அப்பாவை ஏமாற்றிக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணின் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கத் தொடங்குகிறாள். அப்பா மறுமணம் செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். 1950-இல் யோசெஃப் ஃபான் பாக்கி இயக்கிய படத்தில் இஸா, யூட்டா என்ற உண்மையான இரட்டையரே நடித்தார்கள். கதை சொல்லும் குரல் கெஸ்ட்னருடையது. நாவலுக்கு மிக அருகில் நிற்கும் படம் அதுதான் என்றாலும், ஒரு குழந்தை இன்னொருத்தியாக நடித்துத் தடுமாறும் வேடிக்கை, ஒரே நடிகை இரு வேடம் ஏற்ற படங்களில்தான் முழுமையாகக் கிடைக்கிறது.

டேவிட் ஸ்விஃப்ட் எழுதி இயக்கிய 1961-ஆம் ஆண்டுப் படத்தில் பாஸ்டனில் வளர்ந்த ஷேரனாகவும் கலிஃபோர்னியாவில் வளர்ந்த சூசனாகவும் ஹேலி மில்ஸ் நடித்தார். இரட்டையர் சேர்ந்து தோன்றும் தந்திரக் காட்சிகளைக் குறைவாக வைத்துக்கொள்வதாகத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். எடுத்த காட்சிகளைப் பார்த்து மகிழ்ந்த வால்ட் டிஸ்னி, இன்னும் எடுக்கச் சொன்னார். படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம் அது. ஆனால் எனக்கு அதில் நிலைத்திருப்பது தந்திரக் காட்சி அல்ல. ஷேரனின் இடத்தில் பாஸ்டனுக்கு வந்த சூசன், அதுவரை பார்த்திராத தாத்தாவின் கோட்டில் முகம் பதித்து முகர்ந்து பார்க்கிறாள். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்க, ஒரு நினைவைச் சேர்த்துவைக்கிறேன் என்கிறாள். புகையிலையும் பெப்பர்மின்ட்டும் கலந்த அந்த வாசத்தை, வளர்ந்து பெரியவளான பிறகும் தாத்தாவோடு சேர்த்து நினைத்துக்கொள்வாளாம். பெற்றோர் பிரிந்தபோது ஒரு குழந்தை தாத்தாவின் வாசத்தைக்கூட இழந்திருக்கிறாள் என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது.

இதே காட்சியை நான்சி மேயர்ஸ் 1998-இல் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டது நல்ல முடிவு. அது அவர் இயக்கிய முதல் படம். லிண்ட்சே லோஹனுக்கும் அதுவே முதல் திரைப்படம். படப்பிடிப்பின்போது பதினொரு வயதான அவர் உண்மையில் நான்கு பேராக நடித்தார்: லண்டனில் வளர்ந்த ஆனி, கலிஃபோர்னியாவின் நாபாவில் வளர்ந்த ஹாலி, ஹாலியாக நடிக்கும் ஆனி, ஆனியாக நடிக்கும் ஹாலி. ஹாலியின் பேச்சுக்குள் ஆனியின் பிரித்தானிய உச்சரிப்பு எட்டிப்பார்க்கும் இடங்களைக் கூர்ந்து கவனியுங்கள். தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்தத் தடுமாற்றத்தை நடிப்பவர்தான் தர முடியும். ஹேலி மில்ஸிடமும் துடிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய இரு சிறுமிகளும் பேச்சில் அவ்வளவு விலகி நிற்பதில்லை. அமெரிக்க ஊர்கள் இரண்டில் வளர்ந்தவர்களிடமும் பிரித்தானிய நடிகையான அவருடைய சொந்த உச்சரிப்பு எட்டிப்பார்ப்பதால், யார் யார் என்பதை முடியையும் உடையையும் கொண்டே பல இடங்களில் அடையாளம் காண வேண்டியிருக்கிறது. நடிப்பில் 1998-ஆம் ஆண்டுப் படத்துக்கே என் வாக்கு.

வீட்டு நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாவலில், லோட்டேயை லூயிஸ் என்று எல்லோரும் நம்பும்போது, குடும்ப நண்பரான மருத்துவரின் நாய் மட்டும் அவளிடம் வழக்கம்போல ஓடிவருவதில்லை. 1998-ஆம் ஆண்டுப் படத்தில் வீட்டு நாய் ஆனியைக் கண்டு உறுமுகிறது. பெற்ற தந்தைக்குத் தெரியாதது நாய்க்குத் தெரிகிறது என்ற இந்தச் சிறு செய்தி அரை நூற்றாண்டு கடந்தும் பிழைத்திருப்பதற்குக் காரணம், கதையின் குற்றச்சாட்டு முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதுதான்.

இரு அமெரிக்கப் படங்களும் சறுக்குவது ஒரே இடத்தில்: இவர்கள் ஏன் பிரிந்தார்கள்? 1961-இல் மோரின் ஓ'ஹாராவும் பிரையன் கீத்தும் முன்கோபக்காரர்கள். நீண்ட காலம் கழித்துச் சந்திக்கும்போதும் அவள் விட்ட குத்தில் அவன் கண் கறுத்துப்போகிறது. 1998-இல் நடாஷா ரிச்சர்ட்சனும் டென்னிஸ் குவைட்டும் ஏதோ ஒரு சண்டையில் பிரிகிறார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள், அவன் பின்னாலேயே வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காட்சியில் இருவரும் கண்ணில் நீர் துளிர்க்க நடித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு சிறிய மனத்தாங்கலுக்காக, பெற்ற இரு பெண்களில் ஒருத்தியை ஒரு கடிதமும் எழுதாமல் பதினோரு ஆண்டுகள் மறந்திருக்க முடியுமா என்ற கேள்வியைப் படம் கேட்பதே இல்லை. ஏமாற்றியது யார் என்று பார்வையாளர் யோசிப்பதற்குள், பணத்துக்காகத் தந்தையை மணக்க வந்த பெண் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். முகாமுக்கு அழைத்துப் போய் அவளைப் படுத்தும் பாடு இரு படங்களிலும் சிரிப்புக்கு உத்தரவாதம். மெத்தையோடு ஏரியில் மிதக்கவிடுவது இரண்டாவது படத்தின் உச்சம். 1961-இல் அந்த வேடத்தில் நடித்த ஜோவன்னா பார்ன்ஸை, 1998-இல் அதே வேடத்தில் வரும் எலைன் ஹென்ட்ரிக்ஸுக்குத் தாயாக்கியது அழகான மரியாதை. ஆயினும் தண்டனை தவறான ஆளுக்குக் கிடைக்கிறது என்ற உறுத்தல் போகவில்லை.

இந்த இடத்தில்தான் ‘குழந்தையும் தெய்வமும்’ தனித்து உயர்கிறது. 1961-ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவி, ஏவி.எம். நிறுவனத்துக்காகக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்தில், பிரிவுக்கான காரணம் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிற ஒன்று. ஜமுனா பணக்கார வீட்டுப் பெண். அவளைக் காதலித்து மணக்கும் ஜெய்சங்கர் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறார். அந்த வீட்டில் சொல் செல்லுபடியாவது ஜி. வரலட்சுமி நடித்த மாமியாருக்கு மட்டும். தன்மானம் உள்ள ஒரு மனிதன் அங்கே எத்தனை நாள் இருக்க முடியும், அம்மாவின் கைப்பிடிக்குள் வளர்ந்த ஒரு மகள் கணவனோடு வெளியேறுவது எவ்வளவு கடினம் என்ற இரண்டு கேள்விகளையும் படம் வைக்கிறது. முன்கோபத்தால் பிரிந்தார்கள் என்று கைகழுவாமல், பணமும் அதிகாரமும் ஒரு தாம்பத்தியத்தை எப்படிப் பிளக்கும் என்று காட்டுவதால், குழந்தைகள் போடும் திட்டத்துக்கு ஓர் எதிரி கிடைக்கிறது. அந்த எதிரியும் வெளியே இருந்து வந்தவள் அல்ல, சொந்தப் பாட்டி. அமெரிக்கப் படத்தில் நினைவுகளின் வாசமாக இருந்த தாத்தா–பாட்டி உறவு இங்கே சிக்கலின் முடிச்சாக மாறியிருக்கிறது. தழுவல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

லல்லி, பப்பி என்ற இரு வேடங்களிலும் குட்டி பத்மினி நடித்தார். ஹேலி மில்ஸையும் லிண்ட்சே லோஹனையும்விட வயதில் சிறியவர் என்பதால், ஆள்மாறாட்டத்தின் நுணுக்கத்தில் அவர்களோடு அவரை ஒப்பிடுவது சரியாகாது. ஆனால் ஒன்றில் அவர் இருவரையும் மிஞ்சுகிறார். எம். எஸ். ராஜேஸ்வரியின் குரலில் ‘கோழி ஒரு கூட்டிலே’ ஒலிக்கும்போது, தாய் ஒரு கூட்டில், தந்தை ஒரு கூட்டில், குஞ்சுகள் அன்பில்லாத காட்டில் என்று ஒரு குழந்தை தன் நிலையைத் தானே எடுத்துச் சொல்கிறாள். பெரியவர்கள் மீதான புகார் அது; எம். எஸ். விஸ்வநாதனின் மெட்டு எளிமையாக இருப்பதால் புகார் இன்னும் கனமாகிறது. 1961-ஆம் ஆண்டுப் படத்தில் சிறுமிகள் பெற்றோருக்காகப் பாடுவதும் ஒன்றுசேரச் சொல்லும் பாட்டுதான் என்றாலும், அது துள்ளலான மேடைப் பாட்டு, வேண்டுகோள். நம் பாட்டு கேள்வி கேட்கிறது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ‘குழந்தையும் தெய்வமும்’ படத்துக்குக் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. படத்தின் முற்பகுதி காதலுக்கும் கல்யாணத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், குழந்தைகள் களம் இறங்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஹாலிவுட் படங்கள் நேராக முகாமுக்குள் நுழைந்துவிடுகின்றன. ஆனால் அந்த முற்பகுதி இல்லாவிட்டால் பிரிவின் காரணமும் இருக்காது என்பதால், இந்தத் தாமதத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இதே இயக்குநர்கள் தெலுங்கில் ‘லேத மனசுலு’ என்று 1966-இலும், இந்தியில் ‘தோ கலியான்’ என்று 1968-இலும் இக்கதையை மறுபடி எடுத்தார்கள். இந்திப் படத்தில் சிறுமிகளாக நடித்தவர் ‘பேபி சோனியா’ என்ற பெயரில் வந்த நீத்து சிங். 2001-இல் வந்த ‘குச் கட்டி குச் மீட்டி’ படத்தில் கஜோல் இரட்டையராக நடிக்க, தந்தை வேடம் ஏற்றவர் நீத்துவின் கணவர் ரிஷி கபூர் என்பது சுவையான தற்செயல். ஆனால் சிறுமிகளை வளர்ந்த பெண்களாக மாற்றியபோதே அந்தப் படம் கதையை இழந்துவிட்டது. வளர்ந்த பெண் தாயைத் தேடித் தானே போகலாம். போக வழியில்லாத வயதில் இருப்பதுதான் இந்தக் கதையின் பரிதாபம்.

டிஸ்னி தொலைக்காட்சிக்காக எடுத்த தொடர்ச்சிப் படங்களும் இதே காரணத்தால்தான் தோற்கின்றன. 1986-இல் வந்த இரண்டாம் பாகத்தில், விவாகரத்தாகி மகளோடு வாழும் ஷேரனை, மகளும் அவளுடைய தோழியும் சேர்ந்து தோழியின் தந்தையோடு இணைத்துவைக்க முயல்கிறார்கள். 1989-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று சகோதரிகள் வருகிறார்கள். அதே ஆண்டு வந்த நான்காம் பாகம் ஹவாயில் ஒரு பழைய ஹோட்டலைச் சுற்றி நடக்கிறது. வளர்ந்த ஹேலி மில்ஸை மீண்டும் இரு வேடங்களில் பார்ப்பது மகிழ்ச்சியே. ஆனால் இங்கே எந்தக் குழந்தையிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. ஜோடி சேர்ப்பதுதான் வேலை. ஆள்மாறாட்டம் இருக்கிறது, அதற்கான தேவை இல்லை. மூன்றையும் தேடிப் பிடித்துப் பார்க்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

எட்டு, பத்து வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க 1998-ஆம் ஆண்டுப் படம்தான் முதல் தேர்வு: வேகம் இருக்கிறது, லோஹன் இருக்கிறார், ஆனியும் வீட்டுப் பணியாளர் மார்ட்டினும் போடும் அந்த நீண்ட கைகுலுக்கலை எந்தக் குழந்தையும் மறுநாளே பழகிக்கொள்ளும். 1961-ஆம் ஆண்டுப் படத்தை அதற்குப் பிறகு, தாத்தா காட்சிக்காகவாவது பார்க்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் பார்ப்பதானால் ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தைத்தான் முதலில் வைப்பேன். ‘கோழி ஒரு கூட்டிலே’ வரும்போது எழுந்து போகாமல், அந்தச் சிறுமி பாடி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பாருங்கள்.